துவைக்காத கம்பளி

என் அக்கா புருஷன் எங்கள் கடைக்குள் நுழைந்தபோது நான் ஏணியில் நின்று மேல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது அவருடைய பூட்ஸ். அந்தப் பளபளப்பு தானாக வராது. லாயத்தில் ஒரு ஆள் தினமும் அரை மணி நேரம் கை வலிக்கத் தேய்க்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஆள் நான்தான்.

"யாருப்பா கடையில? குதிரைக்கு ஒரு கம்பளி பேட் வேணும். இருக்கிறதுலயே தடியானதா எடு" என்றார்.

நான் இறங்கித் திரும்பினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் லேசுப்பட்ட ஆளா அவர்? ஒரு நொடியில் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அட, நீயா? இங்கயா வேலை பாக்குற? உங்கக்காகூட சொல்லலியே."

"அக்காவுக்கு எப்படித் தெரியும் மாமா? அவ என்கிட்ட பேசி மூணு வருஷமாச்சே."

"அதெல்லாம் பழைய கதை. விடு."

பழைய கதைதான். ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

அவரை ஊரே கர்னல் என்று கூப்பிடும். ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்தவரில்லை. மீசையைப் பார்த்து யாரோ விளையாட்டாகச் சொன்னதை மனுஷன் நிஜமாகவே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். பதினான்கு குதிரைகள் வைத்து சவாரிப் பள்ளி நடத்துகிறார். அங்கே ஆறு வருஷம் குதிரைகளைப் பார்த்துக்கொண்டது நான். அதில் சீமாட்டி என்று ஒரு கறுப்புக் குதிரை. பெயருக்கு ஏற்ற திமிர். என்னைத் தவிர யாரையும் காலைத் தூக்கிப் பார்க்க விடமாட்டாள்.

கர்னல் வெளிநாட்டிலிருந்து ஒரு சேணம் வரவழைத்தார். பார்க்க ராஜா வீட்டுப் பொருள் மாதிரி இருக்கும். ஆனால் அதன் உள்சட்டம் ஒடுக்கம், சீமாட்டியின் தோளோ அகலம். சேணம் அவள் முதுகில் உட்காரவில்லை, இடுக்கி மாதிரி கவ்வியது. நான் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். "அப்ப இன்னும் தடியா ஒரு பேட் போடு" என்பதுதான் அவர் பதில்.

சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவில் போடுகிற கம்பளி விரிப்பைத்தான் நாங்கள் பேட் என்போம். வலிக்கிற குதிரைக்கு மெத்தென்று தடியாகப் போட்டால் சுகமாக இருக்கும் என்று குதிரைக்காரர்கள் நினைப்பார்கள். அதுவும் குதிரை மேல் பாசம் உள்ளவர்கள்தான் இந்தத் தப்பை அதிகம் செய்வார்கள். ஷூ இறுக்கமாக இருக்கிறது என்று யாராவது இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள்வார்களா? சேணம் ஒடுக்கமாக இருந்தால் பேட் தடிக்கத் தடிக்கப் பிடி இறுகும். இதைச் சொன்னதற்கு, "நீ குதிரைச் சாணி அள்ளுறதோட நிறுத்திக்கோ" என்றார்.

ஒரு நாள் பெற்றோர்கள், பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீமாட்டி அவரைத் தூக்கிச் சேற்றில் போட்டாள். சேணத்தைக் கழற்றினால் முதுகில் ரத்தம். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மீசையெல்லாம் சேறு. அவர் எழுந்து போய் பேட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். மூடிய கையை உயர்த்திக் காட்டினார். விரல் இடுக்கில் ஒரு ஊக்கின் முனை.

"பாருங்க, தலைத்துணியில குத்துற ஊக்கை பேட்டுக்குள்ள விட்டிருக்கா. வாயில்லா ஜீவனை இப்படிப் பண்ணிட்டாளே!"

நான் தலைத்துணியை ஊக்குக் குத்திக் கட்டுகிறவள்தான். அன்றைக்கு என் ஊக்கு என் தலையில்தான் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? சாயங்காலத்துக்குள் என் துணிமணிகள் பைக்குள் வந்துவிட்டன. அக்கா கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

தீவனம் கொண்டுவந்து போடுகிறவர் எனக்கு 'ஊக்கு' என்று பெயர் வைத்தார். பெயர் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த லாயத்திலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம், "ஓ, அந்த ஊக்கா?" என்பார்கள். கர்னல் அந்த ஊக்கைத் தலை மறையும்படி சிவப்பு நூல் சுற்றிக் கட்டித் தன் ஆபீஸ் கதவு மேல் தொங்கவிட்டார். வேலைக்காரர்களுக்குக் கவனம் வர வேண்டுமாம்.

சேணம் தைக்கிற என் முதலாளி மட்டும்தான் சேர்த்துக்கொண்டார். அதுவும் கம்பளி சீவி, பேட் தைக்கிற வேலைக்கு. "குதிரைகிட்ட மட்டும் உன்னை அனுப்ப முடியாதும்மா. வர்றவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆறு வருஷம் குதிரைக் கழுத்தில் முகம் வைத்துக்கிடந்தவள், மூன்று வருஷமாகச் செத்த ஆட்டின் முடியைத் தடவிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் பெயர் திரும்ப வேண்டும். குதிரையைத் தொடுகிற வேலை திரும்ப வேண்டும். அதைப் பறித்தவர் அழ வேண்டும். மூன்றையும் ஒரே ஆசையாகத்தான் வளர்த்து வந்தேன்.

இப்போது அந்த ஆள் என் எதிரில் நின்று பேட் கேட்கிறார்.

"எந்தக் குதிரைக்கு மாமா?"

"புதுசா வாங்கினது. பிஸ்கட்னு பேரு. நல்ல ஓட்டம். ஆனா ஏறி உக்காந்தாலே முதுகைக் குழிக்குது, காதை மடக்குது. அடுத்த மாசம் போட்டி இருக்கு. மெத்துன்னு ஒண்ணு போட்டா சரியாயிடும்."

"சேணம்?"

"அதே சேணம்தான். தங்கம் மாதிரி இருக்கு, எதுக்கு மாத்தணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மனுஷன் மூன்று வருஷத்தில் ஒரு எழுத்துகூடக் கற்றுக்கொள்ளவில்லை. நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், ஒரு துரோகமும் செய்ய வேண்டாம். கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும். மீதியைப் பிஸ்கட் பார்த்துக்கொள்ளும், போட்டி மைதானத்தில், அத்தனை பேர் முன்னால்.

ஏணியில் ஏறி இருப்பதிலேயே தடியானதை இறக்கினேன். அருமையான பேட் அது. கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் கம்பளி மூச்சுவிடுகிற மாதிரி எழும்பும். நைலான் கலப்பு இல்லை என்று காட்ட ஓரத்திலிருந்து ஒரு இழையைப் பிடுங்கிக் கொளுத்தினேன். தலைமுடி கருகுகிற வாசனை வந்தது. நைலானாக இருந்தால் உருகி உருண்டையாகிவிடும். அவர் தலையை ஆட்டி ரசித்தார். காகிதத்தில் சுற்றி, கேட்காமலே இரண்டு முடிச்சு போட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

"குதிரை வண்டியிலதான் நிக்குது. கொண்டு வந்து வச்சுடு" என்றார்.

தெருவில் அவர் குதிரை ஏற்றிவரும் மூடிய லாரி நின்றது. பின்கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அந்த வாசனை அடித்தது. வியர்வையும் வைக்கோலும். மூன்று வருஷமாக மூக்கு அதற்காக ஏங்கிக்கிடந்திருக்கிறது. பேட்டைக் கீழே வைத்துவிட்டு, பிஸ்கட்டின் தோள்மேட்டுக்குப் பின்னால் கையை வைத்தேன். தொட்டதுதான் தாமதம், தோல் சுருங்கி முதுகு கீழே போனது. பழுப்பு முடிக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு வெள்ளை முடிகள். சேணம் விடாமல் அழுத்துகிற இடத்தில் முடி இப்படித்தான் நரைத்து முளைக்கும். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே இடத்தில் அதே மாதிரி.

பிஸ்கட் திரும்பி என்னைப் பார்த்தது. அதற்கும் எனக்கும் என்ன பகை?

என்னை நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். குதிரைக்காகப் பாதி மனசு மாறியது உண்மை. மீதிப் பாதி மாறியது வேறு காரணத்துக்காக. நாளைக்கு மைதானத்தில் அவர் விழுந்தால் என்ன சொல்வார்? "பேட் குடுத்தது யாரு தெரியுமா? அதே ஊக்குதான்" என்பார். மூன்று வருஷம் கழித்து அவருக்கு இரண்டாவது ஊக்கை நானே காகிதத்தில் சுற்றிக் கொடுக்கப் பார்த்தேனே! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"மாமா, முதுகைப் பாக்காம பேட் குடுக்கிறது எங்க கடை வழக்கம் இல்ல. ஞாயித்துக்கிழமை லாயத்துல எல்லாரும் வருவாங்கல்ல? நானே மூணு தினுசு கொண்டு வரேன். போட்டு ஓட்டிப் பாத்து, எது பொருந்துதோ அதை எடுத்துக்குங்க. நாலு பேரு பாத்தாலும் நல்லதுதானே?"

அவர் மீசையைத் தடவினார். நாலு பேர் பார்ப்பார்கள் என்று சொன்னால் கர்னல் கிணற்றில்கூடக் குதிப்பார்.

"வா. தாராளமா வா. பழசை நான் மறந்துட்டேன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார்.

அவர் மறந்துவிட்டாராம்!

முதலாளி பின் அறையில் மெழுகு நூலைப் பல்லில் கவ்விக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கர்னல் போனதும் நூலை எடுத்தார்.

"கோபத்துல போகாதம்மா."

"கோபத்துலதாண்ணே போறேன்."

மேல் தட்டை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப மூணும் வெள்ளையா எடுத்துட்டுப் போ. சாயம் போட்டதுல எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டு மறுபடி நூலைக் கவ்விக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லாயத்தில் நல்ல கூட்டம். பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு வேலி மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ் வாசலில் அக்கா மகனைக் கையில் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்த்ததும் பையனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். அந்தப் பொத்தானில் ஒரு கோளாறும் இல்லை. அவள் தலைக்கு மேலே, கதவில், சிவப்பு நூலில் அது தொங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு மினுக்கல் மட்டும் தெரிந்தது.

கர்னல் கையில் மைக்கோடு வந்தார்.

"எல்லாரும் பாருங்க. இது நம்ம மச்சினி. தப்பு பண்றது மனுஷங்களுக்கு சகஜம். நான் எதையும் மனசுல வச்சுக்கிறவன் இல்ல. இன்னைக்கு பிஸ்கட்டுக்கு இவதான் பேட் எடுத்துக் குடுக்கப் போறா."

சிலர் கைதட்டினார்கள். "உள்ள ஊக்கு எதுவும் வச்சுத் தச்சுடாதம்மா" என்று தீவனக்காரர் குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். இதற்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களே தடவிப் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று மூன்று பேட்டையும் அவர் கையிலேயே கொடுத்தேன். "நல்லா அழுத்திப் பாருங்க. எல்லாரும் பாருங்க. பின்னாடி குத்துச்சு, உறுத்துச்சுன்னு யாரும் என்னைச் சொல்லக் கூடாது."

பேட்டுகள் கைக்குக் கை போயின. பிள்ளைகள் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார்கள். தீவனக்காரர் ஓரத்துணியைக்கூட விடவில்லை, தையல் தையலாக நெருடிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு" என்றார் கடைசியில், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

நான் மெல்லிசு பேட்டை எடுத்து நீட்டினேன். "எனக்கு இது போதும்னு தோணுது மாமா."

"இதுவா? கைக்குட்டை மாதிரி இருக்கு! குதிரைக்கு வலிக்காதா? அந்தத் தடியானதைக் கொண்டா."

"உங்க விருப்பம்தானே?"

"என் விருப்பம்தான். குடு."

மைக் அவர் கையில்தான் இருந்தது. எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. அவரே பேட்டைப் போட்டார், அவரே சேணத்தை வைத்தார், அவரே வயிற்று வாரை இழுத்து மாட்டினார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் ஏறும்வரை அந்தக் குதிரை மேல் என் விரல் நுனி படவில்லை என்பதற்குக் கூட்டம் முழுக்கச் சாட்சி.

ஓட்டினார். பிஸ்கட் காதை மடக்கியது, வாலை வீசி வீசி அடித்தது, முதுகைக் குழித்துக்கொண்டு குறுகலாக எட்டு வைத்தது. ஒரு மெல்லிய பேட்டிலும் இதை நிரூபித்திருக்கலாம். அவர் வாயாலேயே தேர்ந்தெடுக்க வைக்க வேண்டும் என்ற வெறியில் அந்த ஜீவனைக் கால் மணி நேரம் நோகவிட்டேன். அந்தப் பாவம் எனக்குத்தான்.

"போதும் மாமா, இறங்குங்க" என்று கத்தினேன்.

அவர் இறங்கிச் சேணத்தை எடுத்தார். "இப்ப பேட்டை நீங்களே எடுத்துத் திருப்பிக் காட்டுங்க" என்றேன்.

திருப்பினார். வெள்ளைக் கம்பளி முழுக்க வியர்வையும் அழுக்கும் சேர்ந்து பழுப்பாக ஊறியிருந்தது. இரண்டே இரண்டு இடம் மட்டும் காய்ந்து, பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு. அந்த இடத்தில் மட்டும் கம்பளி நசுங்கி அட்டையாகியிருந்தது.

"அது ஏன் அங்க மட்டும் நனையல?" என்று வேலி மேலிருந்த ஒரு பெண்பிள்ளை கேட்டது.

"ரொம்ப அழுத்துற இடத்துல தோலுக்கு வேர்க்காதுடா கண்ணு. சேணம் அங்க கவ்விப் பிடிச்சிருக்கு" என்றேன். "சீமாட்டியைக் கொஞ்சம் கூட்டிட்டு வர்றீங்களா யாராவது?"

"அவ எதுக்கு?" என்றார் கர்னல். அதற்குள் ஒருவர் கடைசிக் கொட்டடியிலிருந்து அவளை நடத்திக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்று வருஷமாக யாரும் ஏறாத குதிரை. வயிறு தொங்கிப்போயிருந்தது. நேராக என்னிடம் வந்து என் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் அன்றைக்கு அழ வந்தவள் இல்லை.

அவள் கறுப்பு முதுகில், தோள்மேட்டிலிருந்து நான்கு விரல் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. அந்தப் பக்கமும் ஒன்று. புண் ஆறி முளைத்த நரை. நான் கர்னல் கையிலிருந்து பேட்டை வாங்கி அவள் பக்கத்தில் பிடித்தேன். திட்டுக்குத் திட்டு சரியாக இருந்தது. யாரும் அளவு நாடா கேட்கவில்லை.

"அன்னைக்கு ஒரே ஒரு ஊக்கு எடுத்துக் காட்டினீங்க மாமா. ஒரு ஊக்கு எப்படி ரெண்டு பக்கமும் குத்தும்?"

மூன்று வருஷமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். என் ஊக்கு எங்கே என்று தலையைத் தடவிக்கொண்டு நின்றதில் புத்தி வேலை செய்யவில்லை. பிறகு கேட்க யாரும் நிற்கவில்லை.

தீவனக்காரர் வேலிக்குள் குனிந்து வந்தார். பேட்டைப் பார்த்தார், சீமாட்டியைச் சுற்றி வந்து பார்த்தார், பிஸ்கட்டின் முடியை விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

"ஆமாங்க கர்னல். ரெண்டு குதிரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரில்ல இருக்கு?"

"வயசானா குதிரைக்கு நரைக்கத்தான்யா செய்யும்!"

"உள்ளங்கை அளவுக்கு மட்டுமா மாமா நரைக்கும்? உங்க மீசை முழுசால்ல நரைச்சிருக்கு?"

முதலில் பிள்ளைகள்தான் சிரித்தார்கள். பிறகு பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கர்னல் மைக்கை எடுத்தார், வாயருகே கொண்டுபோனார், இறக்கிவிட்டார். "பேட் சரியில்ல" என்று முணுமுணுத்தார். "உங்க விருப்பம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று அந்தப் பெண்பிள்ளை கேட்டது. அந்தப் பிள்ளைக்கு நான் கடன்பட்டவள்.

பிறகு அக்கா தன் கல்யாணத்துக்கு முன்னால் சவாரி செய்த பழைய சேணத்தைக் கொண்டுவரச் சொன்னேன். தோல் வெடித்து, பார்க்க அலங்கோலமாக இருக்கும், ஆனால் சட்டம் அகலம். மெல்லிசு பேட்டைப் பிஸ்கட் முதுகில் வைத்து, முதுகெலும்புக்கு மேல் காற்றுப் போகும்படி நடுவில் தூக்கிவிட்டு, அந்தச் சேணத்தை ஏற்றினேன். ஒரு மாணவனை ஏறச் சொன்னேன். பத்தாவது அடியில் பிஸ்கட் கழுத்தைத் தாழ்த்தியது. இரண்டு சுற்றுக்குள் மூக்கால் புர்ரென்று நீளமாக மூச்சுவிட்டது. குதிரை தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பேட்டைத் தேர்ந்தெடுத்தது நானுமில்லை, கர்னலுமில்லை.

நான் ஆபீஸ் கதவுக்குப் போய், எக்கி, சிவப்பு நூலை அறுத்தேன்.

"அதை எதுக்கு எடுக்கிற?" என்று கர்னல் பாய்ந்து வந்தார்.

"என்னோடதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க? என் பொருளை நான் எடுத்துட்டுப் போறேன்."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். என்னோடது இல்லை என்றால் யாருடையது என்று சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அந்த ஊக்கை முதல்முறையாகக் கையில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு அவர் முஷ்டிக்குள் முனையை மட்டும்தான் காட்டினார். இப்போது சுற்றியிருந்த நூலைப் பிரித்ததும் தலையும் தெரிந்தது. நீல பிளாஸ்டிக் தலை. அதில் சின்னதாக ஒரு வாத்து. கைக்குழந்தைக்கு இடுப்புத்துணி குத்துகிற ஊக்கு. அந்த லாயத்தில் அன்றைக்குக் கைக்குழந்தை இருந்தது ஒரே ஒரு வீட்டில்.

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவள் பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தடிப் பேட்டைக் கர்னல் வாங்கவில்லை. ஆக அது கடைச் சொத்து. அதை நான் துவைக்கவில்லை. அழுக்குப் பக்கம் வெளியே தெரியும்படி, கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டினேன். மாட்டியது அந்த ஊக்கால்தான். முதலாளி வந்து பார்த்தார். "எவ்வளவு நாளைக்கு?" என்றார். "அவர் எவ்வளவு நாள் தொங்கவிட்டாரோ அவ்வளவு நாள்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாளே என்னை ஒரு லாயத்துக்குக் குதிரை முதுகு பார்க்க அனுப்பினார்.

வருகிறவர்கள் எல்லாம், "இதென்ன, அழுக்குத் துணியை மாட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். நான் ஆற அமர முழுக்கதையும் சொல்வேன். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை. இரண்டு வாரத்தில் கர்னல் லாயத்திலிருந்து ஏழு பிள்ளைகள் நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கேட்டு எனக்கு இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது?

மூன்றாவது வாரம் அக்கா வந்தாள். தனியாக.

"மாமா தலை குனிஞ்சு நடக்கிறாருடி. அதைக் கழட்டிடச் சொல்லிக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"அவரு ஏன் வரல?"

"எப்படி வருவாரு? குடும்ப மானம் போகுதுன்னு அழுறாரு."

"என் மானம் கதவுல தொங்கினப்ப அது எந்தக் குடும்பத்து மானமாம்?"

நான் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அந்த ஊக்கு யாருதுக்கா?"

நீல வாத்தைப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் சீவிப் போட்டிருந்த கம்பளியில் ஒரு பிடியை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"என்னுதுதான்."

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். காலையில நாலு ஊக்கு வச்சேன், சாயங்காலம் மூணுதான் இருந்துச்சு." கம்பளியைக் கீழே வைத்தாள். "பிள்ளைக்கு ஆறு மாசம்டி. நான் வாயைத் திறந்திருந்தா எங்க போயிருப்பேன்?"

என்னோடு வந்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அன்றைக்குப் போக்கிடம் இல்லை. அவள் பயம் புரிந்தது. ஆனால் புரிந்ததால் மனசு ஆறிவிடவில்லை. மூன்று வருஷம் அந்தக் கதவு வழியாகத்தான் தினமும் போய் வந்திருக்கிறாள், தன் ஊக்குக்குக் கீழேயே. கர்னல் மேல் இருந்த கோபம்கூட எனக்கு இந்த அளவுக்கு வலித்ததில்லை.

"அவருக்கு மூணு வருஷம்னு கணக்குப் போட்டு மாட்டியிருக்கேன். உனக்கு எத்தனைன்னு நீயே சொல்லு" என்றேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கடைக்குள் ஒரு ஆள் வந்தார். புது ஆள். குதிரை வாங்கிப் பத்து நாள் ஆகிறதாம், பேட் வேண்டுமாம். பேசிக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

"இது யாருதுங்க, இப்படி அழுக்கா?"

வழக்கம்போல நான் தொண்டையைச் செருமினேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"பேட்டைக் கெடுத்தது எங்க வீட்டுக்காரர்" என்றாள். "அந்த ஊக்கு என்னுது."

சொல்லிவிட்டு எழுந்து நின்றாள். அழவில்லை. அந்த ஆள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மீதிக் கதையை அன்றைக்கு அக்காவே சொன்னாள், ஒரு இடத்தையும் விடாமல். நான் இடையில் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவள் முடித்ததும் அந்த ஆளிடம், குதிரையை எங்கே கட்டியிருக்கிறீர்கள், முதுகைப் பார்க்க வேண்டும் என்றேன்.